உருளும் பகடையும் மூடிய சீட்டும்

(காஞ்சிபுரத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



காஞ்சிபுரத்துக்குப் பேச வருகிறவர்கள் கோயிலைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் பட்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் தாயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாயம், பரமபதம், ஆடு புலி, சீட்டு. திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்தபடியே ஆடுகிற ஆட்டங்கள். ஊரில் பேச வேறு விஷயமா இல்லை என்று யாராவது முணுமுணுத்தால் அதில் தப்பில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கோயிலுக்கும் பட்டுக்கும் நானே வந்து சேருகிறேன்.

பகடையை உருட்டுகிறோம். என்ன விழும்? உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. உருட்டுகிறவருக்கும் தெரியாது. சீட்டைப் போடுகிறோம். என் கையில் இருப்பது என்ன? உங்களுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். முன்னதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர். பின்னதை மறைவு என்று சொல்லிக்கொள்வோம். ஒருவருக்குமே தெரியாமல் இருப்பதும், ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதும் ஒன்றாகுமா? நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அதிர்ஷ்டத்தைக் கண்டு நாம் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய மறைவைக் கண்டு பயப்படுவதே இல்லை.

முதலில் இரண்டுமே இல்லாத ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் குனிந்து பார்த்து நடக்கிறவர்களுக்குத் தெரியும். கல்லிலேயே கோடு கீறி வைத்திருப்பார்கள். முக்கோணம் ஒன்று, அதன் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள். அதுதான் ஆடு புலி ஆட்டம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டைத் தாண்டினால் புலிக்கு இரை. நகர வழியில்லாமல் புலியை மடக்கினால் ஆட்டுக்கு வெற்றி. பகடை கிடையாது, சீட்டு கிடையாது. எல்லாக் காயும் எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே. தோற்றால் விதியைத் திட்ட முடியாது. 'என் கையில் நல்ல சீட்டு வரவில்லை' என்று சொல்ல முடியாது. என் புத்தி போதவில்லை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சதுரங்கமும் இந்த ஜாதிதான். 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த மாமல்லபுரத்தில் 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அங்கே உலகமெங்கிலும் இருந்து வந்தவர்கள் ஆடியதும் எல்லாம் திறந்து கிடக்கிற ஆட்டம்தான்.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. கெட்டிக்காரன் ஜெயிப்பான்; நாளைக்கும் அவனே ஜெயிப்பான்; நாளன்றைக்கும் அவனே. அப்புறம் அவனோடு யார் உட்காருவார்கள்?

இங்கேதான் தாயம் வருகிறது. தாயக்கட்டையை நீங்கள் எல்லாரும் கையில் பிடித்திருப்பீர்கள். பித்தளையில் செய்த இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மீதிப் பக்கம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து, கலகலவென்று சத்தம் எழுப்பி உருட்டிவிட வேண்டும். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். முதலில் சொன்ன நான்கு எண்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? சிறு வயதில் யாராவது கேட்டிருக்கிறோமா?

இப்போது கேட்போம். மாணவர்கள் மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டைக்கு 4 பக்கம், இன்னொன்றுக்கு 4 பக்கம். ஆக 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழிகள். இரண்டுக்கு 3 வழி, நான்குக்கு 3 வழி. தாயத்துக்கு? ஒரு கட்டையில் ஒன்று, மறு கட்டையில் வெறுமை. இடம் மாறியும் விழலாம், ஆக 2 வழி. ஐந்துக்கும் 2 வழி. ஆறுக்கு ஒரே வழி, இரண்டிலும் மூன்று. பன்னிரண்டுக்கும் ஒரே வழி, இரண்டிலும் வெறுமை. கவனித்தீர்களா? அடிக்கடி விழுகிற எண்ணுக்குப் பரிசு இல்லை. அரிதாக விழுகிற எண்ணுக்குத்தான் மறு ஆட்டம். ஐரோப்பாவில் பாஸ்கல், ஃபெர்மா என்ற கணித அறிஞர்கள் 1654இல் கடிதம் எழுதிக்கொண்டுதான் நிகழ்தகவுக் கணக்குக்கு அடித்தளம் போட்டார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் எதற்குச் சலுகை கொடுப்பது என்று தாயத்துக்கு விதி வகுத்த பெயர் தெரியாத அந்த ஆட்டக்காரருக்கும் கணக்கின் வாசனை தெரிந்திருக்கிறது.

அதே ஆட்டத்தை ஆறு சோழிகளை வைத்தும் ஆடுவோம். நிமிர்ந்து விழுகிற சோழிகளை எண்ணுவது வழக்கம்; ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழி கவிழவும் நிமிரவும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 64 வழி. அதில் தாயத்துக்கு 6 வழிதான். கட்டையில் எட்டுக்கு ஒன்று. சோழியில் பத்துக்கு ஒன்று கூட இல்லை. பொருளை மாற்றினால் அதிர்ஷ்டத்தின் அளவே மாறிவிடுகிறது. புளியங்கொட்டையைச் சிமென்ட் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்து வைத்துக்கொண்டு ஆடியவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள். எவ்வளவு தேய்த்தோம் என்பதிலேயே கொட்டை எந்தப் பக்கம் சாயும் என்பதும் அடங்கியிருந்தது. தேய்த்தவருக்கு அது கொஞ்சம் தெரிந்திருந்தது! இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக்கு ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. எட்டு முறை உருட்டியும் தாயம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அவரைப் பார்த்து 'உனக்குக் கைராசி இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். கை என்ன பாவம் செய்தது? கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஏழு தடவை ஏமாற்றிவிட்டோமே, எட்டாவது தடவையாவது போடுவோம் என்று அது இரக்கப்படாது.

ஆனால் காய் இறங்கிவிட்டதென்றால், அப்புறம் விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, யாரை வெட்டுவது, எதை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் யோசனை. அதிர்ஷ்டம் எண்ணைக் கொடுக்கும். அதைச் செலவு செய்வது ஆட்டக்காரரின் புத்தி. அதனால்தான் தாயத்தில் பாட்டியும் ஜெயிப்பாள், பேத்தியும் ஜெயிப்பாள். ஆனால் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆடினால் பாட்டிதான் அதிகம் ஜெயித்திருப்பாள்.

பரமபதத்தில் அந்த யோசனைக்குக் கூட இடமில்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜரைச் சேவித்துவிட்டு வந்து படத்தை விரித்து உட்கார்ந்தால் ஏணியும் பாம்பும்தான் விடியும்வரை துணை. பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள். விழுந்த எண்ணுக்கு நகர வேண்டியது, ஏணி வந்தால் ஏற வேண்டியது, பாம்பு வந்தால் சறுக்க வேண்டியது. இந்தியாவிலிருந்து இந்த ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், வைகுண்டத்தைக் கழற்றிவிட்டு, நூறு கட்டத்தோடு திரும்பி வந்தது. ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் சரிக்குச் சரி உட்காரக்கூடிய ஒரே ஆட்டம் அதுதான். முழுக்க அதிர்ஷ்டம், ஆனால் யாரையும் ஏமாற்றாத அதிர்ஷ்டம்.

அப்படியானால் மறைவு எங்கே இருக்கிறது? நம் பழைய பலகை ஆட்டங்களில் அநேகமாக எல்லாம் திறந்தே கிடக்கும். பல்லாங்குழியில் குழிக்குள் இருக்கும் முத்து இருவர் கண்ணுக்கும் தெரியும். மறைவைக் கற்றுக்கொடுத்தது தெரு மண்தான். கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்! மணலை நீளக் கரையாகக் குவித்து, ஒரு சின்னக் குச்சியை விரலிடுக்கில் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே கரைக்குள் விரலை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். குச்சியை விட்ட பிறகும் விரல் ஓடிக்கொண்டேயிருக்கும். எதிரில் இருக்கும் பிள்ளை மணலைப் பார்க்காது, முகத்தைப் பார்க்கும். விரல் எங்கே ஒரு கணம் தயங்கியது? கண் எந்தப் பக்கம் போய் வந்தது? பிறகு இரண்டு கையையும் கோத்து ஒரு இடத்தில் பொத்தும். அங்கே பகடை இல்லை, அதிர்ஷ்டம் கொஞ்சமே. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் மனதைப் படிக்கிறார். சீட்டாட்டம் முழுவதும் இந்த மணல்கரையில்தான் நிற்கிறது.

304 என்றொரு சீட்டாட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். நான்கு பேர், 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நான்கு ஜாதிக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே கணக்குத்தான். இத்தனைக்குக் கேட்கிறேன் என்று ஏலம் கேட்டவர், தன் கையிலிருந்து ஒரு சீட்டை உருவி, முகம் கவிழ்த்து மேசையில் வைப்பார். அதுதான் துருப்பு. எந்த ஜாதி? அவருக்கு மட்டும் தெரியும். எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது. அந்த ஒரு கவிழ்ந்த சீட்டைச் சுற்றியே மூன்று பேரின் மூளையும் வேலை செய்யும். இவர் ஏன் இதை இறக்கினார்? அவர் ஏன் அதை விட்டுக்கொடுத்தார்? ஆட்டம் நகர நகர, கவிழ்ந்திருக்கும் சீட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை 1928இல் இந்த மாதிரி ஆட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944இல் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து பெரிய நூலாகவே எழுதிவிட்டார். போக்கர் ஆட்டத்தில் மோசமான சீட்டை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்டுவது இருக்கிறதே, அது குறும்பு இல்லை, கணக்குப்படி அவசியம் என்று காட்டினார். எப்போதும் உண்மையாகவே பந்தயம் கட்டுகிறவரின் கை எல்லாருக்கும் தெரிந்துபோகும். ஆகவே சில வேளை பொய்யாகவும் கட்டத்தான் வேண்டும். இதில் அநியாயம் இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? உங்கள் கை எனக்கு மறைவு, என் கை உங்களுக்கு மறைவு. பொய் சொல்ல எனக்கு உள்ள உரிமை உங்களுக்கும் உண்டு.

மறைவு ஒருபக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு நாம் மேல்நாட்டுக்குப் போக வேண்டாம். நம் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகள் போதும். புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இந்தக் கலையைக் கட்டிக் காத்து வருகிறது. சூதாட்டம் நடக்கும் இரவில் கூட்டத்தைப் பாருங்கள். கதை தெரியாதவர் ஒருவர் இருக்க மாட்டார். ஆனாலும் பகடை உருளும்போது ஜனம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தருமருக்குத் தெரியாதது கூட்டத்துக்குத் தெரியும். அதுதான் அந்த இரவின் வேதனை.

தருமர் அதிர்ஷ்டத்தில் தோற்றாரா? நாட்டார் கதையில் சகுனியின் பகடை அவன் தந்தையின் எலும்பில் செய்தது. அவன் சொன்ன எண் விழும். அப்படியென்றால் அங்கே அதிர்ஷ்டமே இல்லை. எல்லாம் மறைவு. என்ன விழும் என்று இருவருக்கும் தெரியாது என்று தருமர் நம்பினார். எதிரில் இருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. பாரதத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தயம் வைப்பது துரியோதனன், உருட்டுவது சகுனி. ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையாகப் படவில்லையே என்று தருமரே சொல்கிறார். சொல்லிவிட்டும் உட்காருகிறார்! எனக்குத் தருமர்மேல் உள்ள கோபமெல்லாம் அந்த இடத்தில்தான்.

அதே துரியோதனன் கண்ணனிடமும் இதே வேலையைக் காட்டினான். பெரிய காஞ்சிபுரத்தில் பாண்டவதூதப் பெருமாள் கோயில் இருக்கிறதே, திருப்பாடகம், அங்கே சொல்லும் கதை இதுதான். தூது வந்த கண்ணனுக்கு ஆசனம் போட்டார்கள். ஆசனத்தின் அடியில் குழி, குழிக்குள் மல்லர்கள், மேலே மூடி. உட்கார்ந்ததும் ஆசனம் உள்ளே போனது. கண்ணன் விசுவரூபம் எடுத்தான். அதனால்தான் கருவறையில் சுமார் 25 அடி உயரத்துக்கு அமர்ந்த கோலம். பாண்டவர் வனவாசம் போய் வந்த பிறகும் அந்தச் சபை மூடி வைத்து ஆடுவதை விடவில்லை.

பாரதத்திலேயே மாற்று மருந்தும் இருக்கிறது. நளன் கதை. சூதில் நாட்டை இழந்த நளன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலையும் காயும் எத்தனை என்று இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கை வரவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. பண்டைக் காலத்தில் அந்தத் தான்றிக்காயைத்தான் பகடையாக வைத்து ஆடினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை நளன் வாங்கிக்கொள்கிறான். பிறகு ஆடி நாட்டை மீட்கிறான். திரும்பவும் சூதா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி எச்சரித்த நாடு இது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வெற்றி இல்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்த்தானே, அது.

இப்போது நான் உங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போகிறேன். இங்கிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள். ஒன்று 919, மற்றொன்று 921. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாலு வரி படித்திருப்போம். அதை ஓர் ஆட்டக்காரரின் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஊர் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் படிப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பொறுப்பில் இருந்தவரும் கூடாது. சபை முழுவதும், சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க, ஊரில் உள்ள கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உட்கார்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான்.

மத்தியஸ்தன் அந்த ஓலையை எப்படி வாங்க வேண்டும்? அதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் ஐந்து விரலையும் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலை இருக்கக்கூடாது அல்லவா! வாங்கியதை அவன் வாசிப்பான். அவன் வாசித்தால் போதாது. அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

யோசித்துப் பாருங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஊர், தன் ஆட்சியை அதிர்ஷ்டத்தின் கையில் கொடுக்கத் தயங்கவில்லை. அதிர்ஷ்டத்துக்கு அவர்கள் அஞ்சவில்லை. எதற்கு அஞ்சினார்கள்? மூடிய விரலுக்கு அஞ்சினார்கள். தனியாக வாசிக்கிற குரலுக்கு அஞ்சினார்கள். குடத்தைத் தூக்கிக் காட்டுவது, அறியாச் சிறுவன், இரண்டாவது குடம், விரித்த விரல், எல்லாரும் வாசிப்பது என்று அத்தனை விதியும் ஒரே காரியத்துக்காக: அந்தக் கணத்தில் உள்ளே இருப்பது எவருக்குமே தெரியக்கூடாது, வெளியே வந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட வேண்டும்.

பெருமை பேசும்போதே இதையும் சொல்லியாக வேண்டும். அது அந்தணர் ஊர்ச் சபை. நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்தில் இல்லை, பெண்கள் பெயர் இல்லை, நெசவாளர் பெயரும் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்துக்குள் எந்தெந்த ஓலை போகலாம் என்பதை முன்பே சிலர் முடிவு செய்திருந்தார்கள்.

ஓலை எடுத்த அந்தச் சிறுவன் இன்னும் நம்மிடையே இருக்கிறான். கல்யாணம் நிச்சயம் செய்ய மனம் ஊசலாடும்போது சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கிறோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். விவரம் தெரியாத குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் தம்பிக்குள் சண்டை வராமல் திருவுளச்சீட்டு போடுகிறோம். குலுக்கல் சீட்டு கட்டும் பெண்கள் இந்த மாதம் யாருக்கு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை எடுக்க வைக்கிறார்கள். ஏலச்சீட்டு வேறு மாதிரி. அங்கே குழந்தைக்கு வேலை இல்லை. அவசரமாகப் பணம் வேண்டியவர் அதை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் மற்றவர்கள் போட்டிக்கு ஏற்றி விட்டுத் தள்ளுபடியைக் கூட்டிவிடுவார்கள். மகளுக்குப் பிரசவம், தறிக்குப் பாவு வாங்கக் காசில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. அத்தனையையும் மறைத்துக்கொண்டு 'எனக்கொன்றும் அவசரமில்லை' என்று உட்கார்ந்திருக்க வேண்டும். வான் நாய்மன் சூத்திரத்தில் எழுதியதை நம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தாய் மாதா மாதம் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். புடவை வாங்க வருகிறவருக்கு ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்வையில் தெரியாது. விற்கிறவருக்குத் தெரியும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கல்யாணப் புடவையை யார் கடையில் சுரண்டிப் பார்ப்பது? ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை விளக்கினார். வாங்குகிறவரால் தரத்தை அறிய முடியாவிட்டால் நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்கின் விலைதான் கிடைக்கும். நல்ல சரக்குக்காரர் கடையை மூடிவிட்டுப் போவார். அதற்காக அவருக்கு 2001இல் நோபல் பரிசு. விசைத்தறியில் ஓட்டிய போலி ஜரிகைப் புடவையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கும்போது கைத்தறி நெசவாளருக்கு நடப்பது அதுவேதான். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதும், ஜரிகையைச் சோதித்து முத்திரை கொடுப்பதும் கவிழ்ந்த சீட்டை நிமிர்த்துகிற வேலை. அந்த வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை என்பது என் கருத்து.

இனி கைப்பேசிக்கு வருவோம். ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது: விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம். அந்தத் தீர்ப்பைத்தான் பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடத் தடை என்ற விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் சரி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டது.

இத்தனை வருஷமும் வாதம் ஒரே கேள்வியைச் சுற்றியது: திறமையா, அதிர்ஷ்டமா? எனக்கு அந்தக் கேள்வியே போதாது என்று தோன்றுகிறது. கேட்க வேண்டியது வேறு. எது மறைந்திருக்கிறது? யாரிடமிருந்து மறைந்திருக்கிறது? மேசையில் ஆடும் ரம்மியில் இரண்டு கட்டுச் சீட்டைக் கண்ணெதிரே கலைப்பார்கள். கலைத்தவரே போட்டுவிட முடியாது. பக்கத்தில் இருப்பவர் வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வெட்டு இருக்கிறதே, அது உத்திரமேரூர் மத்தியஸ்தனின் ஐந்து விரல்! கைப்பேசியில் யார் கலைத்தார்கள்? யார் வெட்டினார்கள்? எதிரே பெயரும் படமுமாக இருப்பது ஆளா, வெறும் நிரலா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடத்துகிறவருக்குக் கமிஷன் போகிறது. ஜெயிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. நான் எந்த நேரத்தில் ஆடுகிறேன், எவ்வளவு தோற்றால் எழுந்து போகிறேன், எதைக் காட்டினால் திரும்ப வருகிறேன் என்பதெல்லாம் அவர் கணினியில் இருக்கிறது. அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் 13 சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் என் திறமை எந்த மூலைக்கு?

2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, பஸ் நிலையத்தில் தொங்கிய சீட்டுக் கட்டுகள் ஒரே நாளில் காணாமல் போயின. கண்ணுக்குத் தெரிந்த கடை, மூடினால் மூடியது. சட்டைப் பையில் இருக்கும் கடையை அப்படி மூட முடியாது. சட்டம் வந்த பிறகும் வேறு பெயரில், வேறு நாட்டு முகவரியில் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கும். கூலி வாங்கிய சனிக்கிழமை இரவு அந்த அழைப்பு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கு வரும். அவனிடம் 'சூது கெட்டது' என்று மட்டும் சொன்னால் அவன் காதில் ஏறாது. 'சீட்டைக் கலைத்தவன் யாரென்று காட்டு, வெட்டுகிறேன்' என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய் கூட வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள்; 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கு உடனே புகார் கொடுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

மண்டபத்தின் பின்பக்கம் பாய் விரித்து நான்கு தாயக்கட்டைச் செட்டும் இரண்டு ஆடு புலிப் பலகையும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளோடு வந்திருப்பவர்கள் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள்.